விரித்துக் காட்டு

ஒரு காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், குடைகள் தாமாகவே நடந்து வேலைக்குப் போய்வந்தன. பூப்போட்ட குடைகள் இருந்தன, கறுப்புக் குடைகளும் இருந்தன. யாராக இருந்தாலும் பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். பாலத்தின் முகப்பில் காவலுக்கு நின்றவர் ஒரு லத்தி. எல்லோரும் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பூப்போட்ட குடை வந்தால், "போம்மா, வழுக்கும், பார்த்துப் போ" என்பார். கறுப்புக் குடை வந்தால், "ஏய், நில்லு. விரி" என்பார்.

எப்போதோ ஒரு கறுப்புக் குடை, கோயில் தேங்காய் ஒன்றை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுபோனதாம். ஏட்டையா அதை மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு விரித்துப் பார்த்த எந்தக் குடைக்குள்ளும் காற்றைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை.

அஞ்சலை என்ற கறுப்புக் குடைக்கு எட்டுக் கம்பியில் மூன்று போய்விட்டன. கட்டுக்கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை மழையையும் குடை தாங்கிவிடும். ஓயாமல் விரித்து மடக்கினால் தாங்காது. இதை அவள் உடம்பே அவளுக்குச் சொல்லியிருந்தது.

மகள் செல்லிக்கு எட்டும் முழுசாக இருந்தன. பாலத்தைத் தாண்டியதும் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு வேலை வாய்த்திருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து நோயாளிகளை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இப்போது பழகிக்கொள்ளப் போய்வந்தாள். ஐப்பசி மழை தொடங்கும் அன்று கம்பிகளைச் சோதித்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு கம்பி போயிருந்தாலும் வேலை இல்லை.

"போறப்ப ரெண்டு தரம், வர்றப்ப ரெண்டு தரம் விரிக்கச் சொல்றாரும்மா" என்றாள் செல்லி. "'உள்ளே ஒண்ணுமில்லையே, ஏட்டையா'ன்னேன். 'ஒண்ணுமில்லாட்டி விரிச்சா என்ன, வலிக்குதா'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன். அதுக்காக மூணாவது தரமும் விரிக்கச் சொன்னார்."

அஞ்சலை முத்தையனிடம் போனாள். அவர் மூங்கில் பிடி வைத்த நெட்டைக் குடை. பாலத்தில் ஏட்டையா ஒரு கறுப்புக் குடையை நிறுத்தும்போதெல்லாம், இவர் தன் பிடியில் ஒரு கீறல் போட்டு வைப்பார். பிடியில் இனி இடமில்லை.

"கோபப்பட்டுப் பிரயோஜனமில்ல, அஞ்சலை. இந்தக் கீறலைக் கொண்டுபோய்க் காட்டுவோம். கண்ணால பார்த்ததை யாரு இல்லைன்னு சொல்ல முடியும்?"

தெருவே ஒரு மனுவோடு திரண்டு ஊர்மன்றத்து மேசையிடம் போனது. மேசை மரியாதை தெரிந்தவர். "வாங்க, உட்காருங்க" என்றார். குடைகளுக்கு உட்கார வராது. சுவரில் சாய்ந்து நின்றார்கள். மேசை கீறல்களை நிதானமாகப் படித்துவிட்டு லத்தியை வரவழைத்தார்.

"இத்தனை விரிச்சதுல ஏதாவது கிடைச்சுதா, ஏட்டு?"

"இல்லீங்கய்யா. நான் விரிக்கிறதாலதான் ஒண்ணும் கிடைக்கல."

மேசை தலையசைத்தார்.

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து தன்னை விரித்தாள். "என் கம்பியைப் பாருங்கய்யா. எல்லாம் பாலத்துல போனது. எங்க தெருவுல எட்டும் இருக்கிறவ என் மக ஒருத்திதான். அவளையாவது விடச் சொல்லுங்க."

மேசை உருகிப்போனார். "இதை அவசியம் ஆராயணும்" என்றார். மனுவை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். குடைகள் சிரித்துப் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள். முத்தையன்கூட ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. முத்தையன் உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

கறுப்புக் குடைகளில் பெரும்பாலானவை கம்பி முறிந்தவை என்பது ஆய்வில் உறுதியாகியுள்ளது. முறிந்த கம்பி போவோர் வருவோர் கண்ணைக் குத்தக்கூடும். எனவே பொதுநலன் கருதி, அவற்றை விரித்துப் பார்க்கப் பாலத்தின் மறுமுனையிலும் ஒரு லத்தி நியமிக்கப்படுகிறது.



"நான்தானே விரிச்சுக் காட்டினேன்" என்றாள் அஞ்சலை.

ஐப்பசியின் முதல் மழை பிடித்த காலையில் செல்லி புறப்பட்டாள். அஞ்சலை பின்னாலேயே போய்ப் பாலத்தோரம் நின்றாள். இந்த முனையில் விரி, மடக்கு, விரி. அந்த முனையில் புது ஏட்டு. வேலையில் சேர்ந்த சுறுசுறுப்பு. விரி. மடக்கு. இன்னும் நல்லா விரி. முறிந்த சத்தம் மழையில் கேட்கவில்லை. மகள் ஒரு பக்கம் சாய்ந்ததை மட்டும் அஞ்சலை பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கதவு கடிந்து பேசவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று சாத்திக்கொண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பிள்ளைத்தாச்சி நனைந்துகொண்டே படியேறினாள்.

மழை வலுத்தது. ஏட்டுகள் இருவரும் டீக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கிவிட்டார்கள். பாலம் வெறிச்சோடிக் கிடந்தது.

"ஆள் இல்லடி! சட்டுன்னு வந்துடு!" என்று கத்தினாள் அஞ்சலை.

செல்லி அந்த முனைக்கு வந்து நின்றாள். ஒருவரும் கேட்காமலேயே விரிந்தாள். உள்ளே இருந்த வெறும் காற்றை மழைக்குக் காட்டினாள். மடங்கினாள். பிறகுதான் பாலத்தில் கால் வைத்தாள்.

இந்த முனைக்கு வந்ததும், அம்மாவுக்கு முன்னால் நின்று, இன்னொரு தரம் விரிந்தாள்.