'மூடியாச்சு' என்று சொன்னது யார்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். இதைக் கேட்டபிறகு உங்களுக்கும் கோபம் வரவில்லை என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள், பார்க்கலாம்.

கத்திரி வெயில் சென்னையை வறுத்தெடுத்த கோடை அது. பம்மலில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து குடியிருந்தோம். நான் தில்லைக்கரசி. ஊர் ஊராகப் பொருட்காட்சிகளில் போர்வைக் கடை போடுகிற கம்பெனியில் வேலை. பொற்கொடி கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவள். முகூர்த்த மாதத்தில் அவள் கால் வீட்டில் தரிக்காது. மூவரில் சிறியவள் ஜெபசெல்வி, நாசரேத்துப் பெண். சுற்றுலா வண்டிகளில் பயணிகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வரும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவளை அனுப்பும்போதே அண்ணன்காரன் கறாராகச் சொல்லியிருந்தான்: "தங்குன எடத்துலேருந்து ஒரு புகார் வந்துச்சுன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

ஆளுக்கொரு நேரம் போவோம், வருவோம். பூட்டு ஒன்று, அதற்குச் சாவியும் ஒன்றுதான். கடைசியாகக் கிளம்புகிறவள் வீட்டைப் பூட்டி, மாடிப்படிக்குக் கீழே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டிவிட்டுப் போக வேண்டும். முதலில் திரும்புகிறவள் எடுத்துக்கொள்வாள்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் வைத்தியலிங்கம். அந்தக் கோடையில் லாரித் தண்ணீரைத் தரைத்தொட்டியில் இறக்கி, மோட்டார் போட்டு மேலே ஏற்றித்தான் இரண்டு வீடும் பிழைத்தது. அதற்கு ஒரு முறை உண்டு. மோட்டார் போடும்முன் அவர் மாடியைப் பார்த்து "மோட்டார்!" என்று கத்துவார். நாங்கள் எல்லாக் குழாயையும் பார்த்துவிட்டு "மூடியாச்சு!" என்று பதிலுக்குக் கத்துவோம். பதில் வராமல் சுவிட்சைத் தொடக்கூடாது. ஏனென்றால் தண்ணீர் இல்லாத வேளையில் யாராவது குழாயைத் திறப்பார்கள், வெறும் காற்று வரும், சலித்துப்போய் அப்படியே விட்டுவிடுவார்கள். எந்த வீட்டில் நடக்காதது? இந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான்.

ஒரு நாள் நான் சேலத்திலிருந்து மத்தியானம் வந்து இறங்கினேன். படிக்கட்டு அடியில் அவர் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலைக்கு மேலே எட்டி, ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். "என்னம்மா, சேலத்துல வெயில் எப்படி?" என்று விசாரித்தார். மாடியேறிக் கதவைத் திறந்தால், ஐயோ, சமையலறைக் குழாய் சோவென்று கொட்டிக்கொண்டிருக்கிறது! ஓடிப்போய் மூடினேன். மூடி என்ன பிரயோசனம்? மேல்தொட்டி காலி, தரைத்தொட்டியும் காலி. அடுத்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் எல்லாரும் வந்ததும் வாசலில் பஞ்சாயத்து கூடியது. ஜெபா ஒன்றையும் மறைக்கவில்லை. காலையில் பாட்டிலில் பிடிக்கக் குழாயைத் திறந்தாளாம், காற்றுதான் வந்ததாம், வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே ஓடிவிட்டாளாம்.

"கடைசியாப் பூட்டினது நான்தான்" என்றாள் பொற்கொடி. "அடுப்பங்கரைப் பக்கம் பார்க்கலை, அது வாஸ்தவம். ஆனா நான் கிளம்புற வரைக்கும் மோட்டார்னு யாரும் கூப்பிடவே இல்லை."

"கூப்பிடலையா?" வைத்தியலிங்கம் எகிறினார். "தொண்டை கிழியக் கத்தினேன்! 'மூடியாச்சு'ன்னு மாடியிலேருந்து பொம்பளைக் குரல் வந்தப்புறம்தான், அந்த நொடியே சுவிட்சைப் போட்டேன். சொல்லிட்டு இப்ப முழுங்குறியா?"

அவ்வளவுதான். "அக்கா, பார்க்காம ஏன் சொன்னீங்க?" என்று ஜெபா அழ, "நான் சொல்லவே இல்லைடி!" என்று பொற்கொடி கத்த, ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

"வெளியாள் யாராவது மேலே வந்திருப்பாங்களோ, சார்?" என்று கேட்டேன்.

"எவன் வருவான்? சுவிட்சைப் போட்டதுலேருந்து நீ வர்ற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கலை. ஒரு ஈ காக்கா படியேறலை, இறங்கலை. தண்ணியைக் கொட்டினது யாரோ, அவங்க நாளைக்கே இந்த வீட்டைக் காலி பண்ணணும். நான் சொன்னா சொன்னதுதான்! ஏம்மா ஜெபா, உங்கண்ணன் நம்பரைச் சொல்லு."

ஜெபா அழுதுகொண்டே மேலே போய்ப் பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். குழாயைத் திறந்து போட்டவள் ஜெபா. பார்க்காமல் பூட்டியவள் பொற்கொடி. பதில் கேட்டுத்தான் மோட்டார் போட்டேன் என்பவர் வைத்தியலிங்கம். இவர்களில் தண்ணீரைக் கொட்டியது யார்? வீட்டைக் காலி செய்ய வேண்டியது யார்?

விடை: ஆணியில் இருக்கிறது. நான் வந்தபோது சாவி அங்கேதான் தொங்கியது. பதில் வந்த நொடியே சுவிட்சைப் போட்டதாகவும், அதன்பின் ஒருவரும் இறங்கவில்லை என்றும் அவரே சொன்னார். அப்படியானால் சாவி அதற்கு முன்பே ஆணிக்கு வந்துவிட்டது, அதாவது மாடி காலி. பூட்டின வீட்டிலிருந்து 'மூடியாச்சு' என்று சொன்னது யார், பேயா? திறந்து கிடக்கிற குழாய்க்காகத்தானே அந்தச் சட்டமே! பதில் வராதபோது, பக்கத்திலேயே தொங்கிய சாவியை எடுத்துப் படியேறிப் பார்க்கச் சோம்பல். பார்க்காமல் போட்டுவிட்டு, இந்த ஊரில் கேட்க நாதியில்லாத ஜெபா தலையில் பழியைக் கட்டப் பார்த்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாவியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இதைத்தான் கேட்டேன். மனுஷன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஜெபா பெட்டியைப் பிரித்துத் துணியைக் கொடியில் போட்டாள். அந்தக் கோடை முழுக்க வேலைக்கும் போனாள். சொன்னால் சொன்னதுதான் என்ற வைத்தியலிங்கம் மட்டும் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை.