உமையாழ்வியின் கடல் பயணம்

அலைவாய்ப்பட்டினத்தை ஆண்ட அரசன் சேந்தனுக்கு எதிரிகளிடம் பயம் கிடையாது. அவனுக்கு ஒரே பயம், அத்தை உமையாழ்விதான். அறுபத்தெட்டு வயது. தினமும் விடியுமுன் கடற்கரையில் ஒரு காதம் நடந்துவிட்டு, அரசன் கண்விழிக்கும் நேரத்தில் வந்து நிற்பாள்.

ஒரு பங்குனி மாதம் அவள் தனியாக வரவில்லை. ஓய்வுபெற்ற தளபதி மழவராயரும் இன்னும் ஐந்து பேரும் கூட வந்தார்கள். ஏழு பேரில் இளையவருக்கு அறுபத்துமூன்று வயது.

"சேந்தா, இந்தக் கோடையில் நாங்கள் கடல் தாண்டி ஊர் சுற்றப் போகிறோம். உன் பெரிய கப்பல் வேண்டும்" என்றாள் அத்தை.

"எந்த ஊருக்கு?"

"ஒரு ஊரா? மாந்தோட்டம், மாப்பாளம், கடாரம், கடைசியில் ஸ்ரீவிஜயம். என் தோழி வெண்ணி கல்யாணமாகி அங்கே போய் நாற்பத்தைந்து வருஷமாகிறது. அவளைப் பார்க்காமல் நான் கண்ணை மூடமாட்டேன்."

அமைச்சர் விழுப்பரையருக்கு முகம் கறுத்தது. அந்தக் கப்பலில் தன் சம்பந்தி வீட்டாரை அழைத்துப்போக அவர் திட்டம் போட்டிருந்தார்.

"அரசே, பெரியவர்கள் ஆசையைத் தடுக்க வேண்டாம்" என்றார் குழைவாக. "ஆனால் அவர்கள் உடம்பு நமக்கு முக்கியம். ஒரு நிபந்தனை வைப்போம். பயணிகளில் யாராவது வாய்திறந்து 'முடியவில்லை' என்று சொன்னால், அந்த ஊரிலிருந்தே கப்பல் திரும்பிவிட வேண்டும். கேட்டுச் சொல்ல நானே கூடப் போகிறேன்."

அரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஓலை எழுதி முத்திரை வைத்துக் கப்பல் தலைவர் கடலனிடம் கொடுத்தான். பயணத்துக்கு ஏற்பாடு செய்யும் வேலையை அவைப்புலவன் சாத்தன் தலையில் கட்டினான்.

சாத்தன் நல்ல வேலைக்காரன். ஏழு பேரையும் தனித்தனியே கேட்டான். ஒருவருக்கு வெந்நீர் ஊற்று, ஒருவருக்குக் கூத்து, மழவராயருக்கு மலை. எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: "பல்லக்கு மட்டும் வேண்டாம். நடப்போம்."

தென்மேற்குக் காற்றில் போய் வாடைக்காற்றில் திரும்புவது என்று முடிவாயிற்று. எந்த ஊரில் இறங்கினாலும் முதல் நாள் சும்மா இருக்க வேண்டும். பிறகு காலையில் நடை, உச்சி வெயிலில் உறக்கம், மாலையில் கடைத்தெரு. மாந்தோட்டமும் மாப்பாளமும் சிரிப்பும் பாட்டுமாகக் கழிந்தன. விழுப்பரையர் பல்லக்கில் பின்னாலேயே போய்க் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கடாரத்தில் ஒரு மலைக்கோயில். முந்நூறு படிகள். சாத்தனும், ஓலையை இடுப்பில் செருகிய கடலனும் கூடவே ஏறினார்கள். மழவராயர் வேகமாக ஏற, உமையாழ்வியும் விட்டுக்கொடுக்காமல் ஏறினாள். இருநூறாவது படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாடா... முடியவில்லை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

விழுப்பரையர் பல்லக்கிலிருந்து குதித்தார். "கேட்டீர்களா? கடலா, ஓலையை எடு! கப்பலைத் திருப்பு!"

உமையாழ்விக்குக் கண் நிறைந்துவிட்டது. வெண்ணியின் ஊர் இன்னும் பத்தே நாள் தூரத்தில் இருந்தது. மழவராயர் மேல்படியிலிருந்து ஓடி இறங்கினார்.

சாத்தன் மட்டும் நிதானமாக மலை உச்சியைப் பார்த்தான்.

"அம்மா சொன்னது சரிதானே, அமைச்சரே? இன்னும் நூறு படி இருக்கிறது. அதற்குள் எப்படி முடியும்? முடியவில்லைதான்."

"விளையாடாதே! கால் முடியவில்லை என்று சொன்னார்!"

"கால் என்ற சொல் என் காதில் விழவில்லையே. தலைவரே, உங்கள் காதில் விழுந்ததா?"

கடலன் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார்.

"ஓலையிலும் கால் இல்லை, ஐயா. நடுக்கடலில் 'பயணம் முடிந்ததா?' என்று என் ஆட்கள் தினமும் கேட்கிறார்கள். 'முடியவில்லை' என்றுதான் நானும் சொல்கிறேன். அதற்கெல்லாம் கப்பலைத் திருப்பினால் நான் எந்த ஊருக்கும் போய்ச் சேரமாட்டேன்."

உமையாழ்வி தண்ணீர் குடித்தாள். கண்ணைத் துடைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"முடியவில்லை அமைச்சரே, இன்னும் நூறு படி இருக்கிறது. வாருங்கள்" என்றாள். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஸ்ரீவிஜயத்துத் துறையில், கப்பல் வந்த சேதி கேட்டு வந்த வெள்ளைத் தலைக் கிழவி ஒருத்தி யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். உமையாழ்வியும் தேடினாள். இருவரும் ஒருவரையொருவர் இரண்டு முறை தாண்டிப் போனார்கள். பிறகு வெண்ணி ஒரு தும்மல் போட்டாள். சின்ன வயதிலிருந்தே ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்த அதே தும்மல். "அடி வெண்ணி!" என்று கத்தினாள் உமையாழ்வி. அதன்பின் இருவரும் அழுதார்களா சிரித்தார்களா என்று சாத்தனுக்கே விளங்கவில்லை.

வாடைக்காற்றில் கப்பல் ஊர் திரும்பியதும் விழுப்பரையர் அவையில் முறையிட்டார். அரசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை பக்கம் திரும்பினான்.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்கள். எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள்?"

"ரெண்டிலும்தான், சேந்தா. உட்கார்ந்தபோது கால் சொன்னது. எழுந்தபோது நான் சொன்னேன்."

அரசன் சிம்மாசனம் அதிரச் சிரித்தான். அந்த ஓலையை வாங்கித் தன் கையாலேயே கிழித்தான்.

"சாத்தா, என்ன பரிசு வேண்டும்? கேள்."

"ஒரு மாதம் தூங்க அனுமதி கொடுங்கள், அரசே. இவர்கள் ஏழு பேர் பின்னால் ஓடி இரண்டு ஜோடிச் செருப்புத் தேய்ந்துவிட்டது."

"கொடுத்தேன்!"

மழவராயர் மெல்ல இருமினார்.

"ஒரு மாதம் ரொம்ப அதிகம், அரசே. அடுத்த கோடைக்குச் சீனம் போவதாக இருக்கிறோம். ஊர்களைத் தேர்ந்தெடுக்க நாளைக் காலையில் சாத்தன் வீட்டில்தான் கூடுகிறோம்."