ஒத்தைப் பாலத்தில் யார் முதலில்?

ஞானம் வேண்டுமென்றால் மலையேற வேண்டும் என்பார்கள். பாத்திரக்கடை பக்கிரிசாமி மாடியேறினார்.

மருந்துக்கடைக்கு மேலே செங்குத்தான படி. ஏறி முடிப்பதற்குள் மனுஷனுக்கு மூச்சு வாங்கிவிடும். அங்கேதான் ஜெசிந்தாவின் டிரைவிங் ஸ்கூல். சிஷ்யருக்கு அறுபதைத் தொடுகிற வயசு. குருவுக்கு முப்பது தாண்டியிருந்தால் அதிகம். அதனாலென்ன, வண்டி ஓட்டத் தெரிந்தவர் குரு, தெரியாதவர் சிஷ்யர். ஊரே அவளை மாஸ்டர் என்றது. பக்கிரிசாமி மட்டும் மரியாதைக்கு ஒரு அம்மாவையும் சேர்த்து மாஸ்டரம்மா என்பார்.

திங்கட்கிழமை எல்.எல்.ஆர். பரீட்சை. ஆர்.டி.ஓ. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்குச் சரியான பதிலைத் தட்ட வேண்டும். அதில் தேறினால்தான் பழகுகிறவர் என்ற சீட்டு கிடைக்கும். சீட்டு கிடைத்தால்தான் ஸ்டீரிங்கைத் தொடலாம்.

"முக்கோணத்துக்குள்ள படம் போட்டிருந்தா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"எச்சரிக்கை."

"சிவப்பு வட்டம்?"

"உத்தரவு. மீறப்படாது."

"நீலக் கட்டம்?"

"தகவல். ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை."

பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்றே காலத்தை ஓட்டியவர் பக்கிரிசாமி. இப்போது டாண் டாண் என்று பதில் வருவதில் அவருக்கே ஒரு பெருமை. கடையில் அண்டாவைத் தட்டிக் காட்டுகிற மாதிரி மேஜையைத் தட்டிக்கொண்டார்.

"குறுகலான பாலம். ஒரு வண்டிதான் போகலாம். எதிர்ப்பக்கத்துலேருந்து ஒரு வண்டி உள்ள வரப் போகுது. நீங்க என்ன செய்வீங்க? அ, வேகத்தைக் கூட்டி முந்திடணும். ஆ, ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டுப் போயிடணும். இ, அந்த வண்டி கடக்குற வரைக்கும் காத்திருக்கணும்."

"ஆ," என்றார் பக்கிரிசாமி.

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

"பின்னே? லைட்டைப் போட்டா அவன் நிக்கணும். அதானே மரியாதை?"

"யாருக்கு மரியாதை?"

"எனக்குத்தான்!"

"அவரும் லைட்டைப் போட்டா?"

"ஹாரன் அடிப்பேன்."

"அவரும் அடிச்சா?"

"கண்ணாடியை எறக்கிவிட்டு நறுக்குன்னு நாலு வார்த்தை கேப்பேன். என்னம்மா நீங்க, வழியில வர்றவனுக்கெல்லாம் ஒதுங்கி நின்னா நாம எப்ப வீடு போய்ச் சேர்றது?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "பதில் இ, அய்யா. காத்திருக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கிற குணத்தால்தான் அவர் வீட்டில் இப்போது அடுப்பு சரியாக எரியவில்லை. அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடி மாசம் ஒரு பழைய காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார் பக்கிரிசாமி. விற்றவருடைய ஆள்தான் ஓட்டி வந்து விட்டுவிட்டுப் போனான். மனைவி தையல்நாயகியிடம் அதுவரை மூச்சுவிடவில்லை. பார்த்ததும் பூரித்துப் போவாள் என்று வாயெல்லாம் பல்லாக நின்றார். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

தையல்நாயகி ஈரக் கையோடு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். "ஆடித் தள்ளுபடியில சேலை வாங்குவாங்க, காரையுமா வாங்குவாங்க? ஓட்டத் தெரியாத மனுஷனுக்குக் கார் ஒரு கேடா?" என்றாள். தெரு கொல்லென்று சிரித்தது.

பக்கிரிசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "உன்னை யாருடி இதுல ஏறச் சொன்னா? ஏறுறவங்க ஏறிக்குவாங்க," என்றார்.

ஏறுகிறவர்கள் யார் என்று அவருக்கே தெரியாது. கோபத்தில் வாய்க்கு வந்தது வந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் வந்து கூப்பிட்டால் வருவாளாம். போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியாதா என்று இவர். ஆடி போய் ஆவணியும் போய்விட்டது. கார் மூடிப் போட்டபடி வாசலிலேயே நிற்கிறது. அதன் அடியில் பூனை குட்டி போட்டு, குட்டிகளும் கண் திறந்தாயிற்று.

வெள்ளிக்கிழமை குடம் வாங்க வந்த ஒருத்தி, மச்சினன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, பேச்சுவாக்கில் ஒரு சேதியைச் சொன்னாள். கோயமுத்தூரில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கையோடு அழைத்துப் போகிறானாம். ரயிலுக்குச் சீட்டும் போட்டாயிற்றாம். பக்கிரிசாமி குடத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அதற்கு மேல் கடையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரப்பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டால் அவள் திரும்புவாளா? போனது போனதுதான்.

சனிக்கிழமை காலையில் மாடியேறினவர், உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னார். "இ."

"எதுக்கு இ?"

"பாலத்துக்கு. காத்திருக்கணும். ராத்திரி நெட்டுரு போட்டுட்டேன். நானும் இப்ப அதைத்தான், மாஸ்டரம்மா, செஞ்சுக்கிட்டிருக்கேன். சட்டப்படி காத்துக்கிட்டு நிக்கிறேன்."

"யாருக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கார், தெருவின் சிரிப்பு, தான் சொன்ன சொல், கோயமுத்தூர் ரயில்.

"காரை எதுக்கு வாங்குனீங்க?" என்று கடைசியில் ஜெசிந்தா கேட்டாள்.

"அவளுக்கு முட்டி வலி. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகணும்னு உசுரா கெடப்பா. பஸ் படியில கால் வைக்க முடியலை. போன தடவை கண்டக்டர் கையைப் புடிச்சுத் தூக்கிவிட்டான். எனக்கு மனசு கேக்கலை."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல விட்டாளா அவ?"

பக்கிரிசாமி மேஜை மேல் கிடந்த கேள்விப் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார், மறுபடியும் புரட்டினார்.

"ஒரு சந்தேகம், மாஸ்டரம்மா."

"கேளுங்க."

"அந்தப் பக்கம் நிக்கிற ஆளும் சட்டம் படிச்ச ஆளா இருந்தா? இவரு போகட்டும்னு அவரும், அவரு வரட்டும்னு இவரும் நின்னுட்டா? பாலம் பாட்டுக்குச் சும்மா கெடக்குமே. அப்ப யாரு போறது? அதுக்குப் பதில் இதுல இல்லையே?"

ஜெசிந்தா ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாள். "வாங்க," என்றாள்.

முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுதிய கார். அவள் ஓட்டினாள், அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். கடைத்தெரு தாண்டி, நெல் அரவை மில் தாண்டி, வண்டி ஆற்றங்கரைக்கு வந்தபோது அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே ஒத்தைப் பாலம். அந்தக் கரையில் மச்சினன் ஊர்.

"இங்க எதுக்கும்மா?"

"கேள்வி இங்கதானே இருக்கு?"

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். மினி பஸ் ஒன்று யாரையும் கேட்காமல் விருட்டென்று வந்து போனது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பாலத்தையே அடைத்துக்கொண்டு வந்தது. அது இறங்கியதும் பால்காரர் ஒருவர் பின்னாலிருந்து வந்து இவர்களை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"பாத்தீங்களா? ஒருத்தனாவது நிக்கிறானா? அத்தனை பேரும் அ," என்றார் பக்கிரிசாமி.

"இருங்க."

டிராக்டர் தூசி அடங்கியபோது அந்தக் கரையில் ஒரு சின்ன வெள்ளைக் கார் தெரிந்தது. அதன் நெற்றியிலும் சிவப்பில் எல். பாலத்துக்கு ரொம்பத் தள்ளியே நின்றுவிட்டது. வரவில்லை. இவர்களும் போகவில்லை.

"நிக்குதே!" என்றார் பக்கிரிசாமி.

அந்தக் காரின் ஹெட்லைட் ஒரு தடவை மின்னியது.

"லைட்டைப் போட்டுட்டான். வர்றான், வர்றான், ஒதுங்குங்க!"

யாரும் வரவில்லை. ஜெசிந்தா மெல்ல வண்டியை நகர்த்தினாள். அதே நேரம் அந்தக் காரும் ஒரு முழம் நகர்ந்தது. இரண்டும் பிரேக் போட்டு நின்றன. மறுபடியும் லைட் மின்னியது. பின்னால் இரண்டு பைக் வந்து ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றன. பக்கிரிசாமிக்குக் கை பரபரத்தது.

"அடிங்கம்மா ஹாரனை! நல்லா அழுத்துங்க! என்ன திமிரு இருந்தா இப்படி நட்டநடுவுல நிப்பான்?"

ஜெசிந்தா இன்ஜினை அணைத்தாள். துப்பட்டாவைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு இறங்கினாள். வெயிலில், காலியாகக் கிடந்த பாலத்தின் மேல் நடந்து போனாள். பக்கிரிசாமி கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்தக் கரைக்குப் போய், காரின் ஜன்னலில் குனிந்து ஏதோ பேசினாள். சிரிப்பது போலவும் தெரிந்தது.

பிறகு அவள் முன்னே நடக்க, அந்தக் கார் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ஓட்டியது ஓர் அம்மாள். ஐம்பது வயசிருக்கும். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பக்கிரிசாமியைத் தாண்டும்போது, கையை எடுக்கப் பயந்து, தலையை மட்டும் ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். பைக்குகளும் முணுமுணுத்தபடி பாலத்தைக் கடந்து போயின.

ஜெசிந்தா வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும்மா அது?"

"டீச்சராம். போன வாரம்தான் எல்.எல்.ஆர். வாங்குனாங்களாம். பக்கத்துல அவங்க வீட்டுக்காரர்."

"ஏன் வராம நின்னாங்க?"

"நாம போகட்டும்னு நின்னாங்களாம்."

"லைட் போட்டாங்களே?"

"வாங்கன்னு கூப்பிட்டாங்களாம்."

"அடக் கடவுளே! நகருடான்னு மிரட்டுறதால்ல நெனச்சேன்?"

"அவங்களும் அப்படித்தான். நாம ஏதோ கோவமா நிக்கிறோம்னு பயந்துட்டாங்களாம்."

ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. கரையில் யாரோ மாடு குளிப்பாட்டினார்கள்.

"போன வாரம் அவ என் சுகர் மாத்திரையை வாங்கி யார்கிட்டயோ கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தா," என்றார் பக்கிரிசாமி. "நான் இல்லாட்டி உங்களுக்கு இதுகூடத் தெரியாதுன்னு குத்திக் காட்டுறான்னு நெனச்சு, தூக்கி அலமாரி மேல போட்டுட்டேன்."

"முழுங்கலையா?"

"மறுநாள் தேடி எடுத்து முழுங்குனேன். வீடு வீடாவே இல்லை, மாஸ்டரம்மா. கடை நெறையத் தட்டு இருக்கு. வீட்டுல ரெண்டு தட்டை எடுத்து வெச்சுட்டு, ஒண்ணைத் திருப்பி அடுக்குறேன். அவ இல்லாம என்னால முடியலை."

"சரி."

"திங்கட்கிழமை பரீட்சையை முடிச்சுட்டு, சீட்டு கைக்கு வந்ததும் நேரா போய்க் கூப்பிடப் போறேன்."

"ரயில் நாளைக்கு."

"தெரியும்." அவர் அந்தக் கரையைப் பார்த்தார். "நாலு பேரு முன்னாடி ஓட்டத் தெரியாதவன்னு சொன்னவ. அவ முன்னாடி வெறுங்கையோட போய் எப்படி நிக்கிறது? லைசென்சு வேணாம், ஒரு எல்.எல்.ஆராவது கையில இருக்க வேணாமா?"

ஜெசிந்தா குறுக்கே கையை நீட்டி அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"பாலத்துல நடந்து போறதுக்கு எல்.எல்.ஆர். எதுக்குங்கய்யா?"