தலைக்கிடா படுத்த கண்மாய்

நிறைமதி டீச்சரின் மாணவர்களிலேயே மூத்தவர் கீதாரி அழகுமலை. நானூறு ஆடு மேய்ப்பவர். மகள் மாரிக்கண்ணு படிக்கும் அதே பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமைதோறும் எழுத்துக்கூட்டப் பழகினார்.

அந்த ஆவணியில் கண்மாய் வறண்டு, உள்ளே புல் மட்டும் பச்சையாக நின்றது. மந்தைக்கு முன்னே நடக்கும் தலைக்கிடா அதில் போய்ப் படுத்துவிட்டது. கிடா படுத்த இடத்தில்தான் இராத்தங்கும் கிடை, அப்புறம் மந்தையைக் கிளப்பக் கூடாது என்பது கீதாரிகளின் வழக்கம். கலெக்டர் உத்தரவைக்கூட மாற்றிவிடலாம், கிடாவின் உத்தரவை மாற்ற முடியாது!

நாலு மணிக்கு மாரிக்கண்ணு ஓடிவந்தாள். பின்னாலேயே டீச்சரும்.

"அப்பா, மேற்கே மூணு பள்ளிக்கூடத்துலயும் மழை அளக்க வச்ச பாட்டில் நிறைஞ்சு வழியுதாம்! போன்ல சொன்னாங்க. கணக்குப் போட்டுட்டேன். பொழுது சாயறதுக்குள்ள இங்க தண்ணி வந்துரும்!"

அழகுமலை அண்ணாந்து பார்த்தார். பொட்டு மேகம் இல்லை.

"ஆவணியில இந்தக் கண்மாய்க்கு எந்தக் காலத்துல தண்ணி வந்துச்சு?"

"இப்பல்லாம் மழை மாசம் மாறி வருதுப்பா!"

அவர் சிரித்தார். "டீச்சரம்மா, ஆட்டைப் பார்த்தே மழையைச் சொல்ற சனம் நாங்க. பிள்ளை பேச்சைக் கேட்டா கிடையைக் கிளப்பணும்?"

டீச்சர் நேரே கிடைக்குள் போனார். இளங்குட்டிகளை மூடியிருந்த கொடாப்புக் கூடை ஒன்றைத் தூக்கினார். இரண்டு குட்டிகளை மாரிக்கண்ணுவிடம் கொடுத்து, இரண்டைத் தானே அள்ளிக்கொண்டு கரைமேட்டுக்கு நடந்தார்.

குட்டிகள் கத்தின. நாலு தாயாடுகள் எழுந்து ஓடின. நாலு ஓட நாற்பது ஓடின, பிறகு மந்தையே ஓடியது. "ஏய், ஏய்!" என்று அழகுமலை கத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்? மிச்சக் குட்டிகளை வாரிக்கொண்டு அவரும் ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் தலைக்கிடாவும் மானத்தை விட்டு எழுந்து வந்தது.

கரையேறி மூச்சு வாங்குவதற்குள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இரைச்சல். சுள்ளென்ற வெயிலில் செந்தண்ணீர் நுரை தள்ளிப் பாய்ந்துவந்தது. கிடை இருந்த இடம் முழுகியது. காலிக் கொடாப்பு சுழன்று மிதந்தது.

"வந்துருச்சு! நான் சொன்ன நேரத்துக்கே வந்துருச்சு!" மாரிக்கண்ணு குதித்தாள்.

அழகுமலை மிதக்கும் கொடாப்பையே பார்த்தார். மனசில் இருப்பது சந்தோஷமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

"டீச்சரம்மா, கிடா படுத்தப்புறம் என் மந்தை எழுந்ததே கிடையாது. இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

டீச்சர் கையிலிருந்த குட்டியை இறக்கிவிட்டார். அது தாயைத் தேடி ஓடியது.

"குட்டி போன பக்கம் தாய் வராதா, அண்ணே?"