பன்னிரண்டு பாடமும் வயிற்றில்

ஈச்சங்குறிச்சிப் பாளையத்தில் ஏழு தெருவும் மூன்று கிணறும் ஒரு பாளையக்காரரும் இருந்த காலத்தில், அங்கே ஒரு கவலையும் இருந்தது. அந்த ஊரில் எது நடந்தாலும் பக்கத்து மாவடிப்பட்டுக்காரர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். தேர் எந்த நாள் ஓடப்போகிறது, பாளையக்காரருக்கு எந்தக் காலில் வலி, எல்லாம் தெரிந்துவிடும். ஈச்சங்குறிச்சியில் தமுக்கடித்துச் சேதி சொல்கிற மேடு, மாவடிப்பட்டு எல்லைக்கல்லிலிருந்து நாற்பதடி தூரம். ஆனாலும் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

"நமக்கும் ஒற்றர்கள் வேண்டும்" என்றார் பாளையக்காரர். உடனே அரண்மனைக் கொட்டகையிலிருந்து ஐந்து கழுதைகளை வெளியேற்றி, நான்கு இளவட்டங்களை உள்ளே விட்டார்கள். ஒற்றர் பள்ளி தொடங்கிவிட்டது.

வாத்தியார் உலகுடையார். அரண்மனைப் பிரதானியை விட்டால், ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பல் ஆறு. மாணாக்கர்கள் கோலப்பன், சடையாண்டி, வெயிலுமுத்து, தவசி.

மற்ற மூவரும் மத்தியானச் சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள். கோலப்பன் அப்படியில்லை. அவனுடைய தாய்மாமன் அய்யாக்குட்டிக்குப் பூவாயி என்று ஒரு மகள். "அரண்மனை உத்தியோகம் இருந்தால் பூவாயி உனக்கு. ஆவணி பிறக்கிறதுக்குள்ளே இல்லையென்றால் தவிட்டு வியாபாரி மகனுக்கு" என்று மாமன் சொல்லிவிட்டிருந்தான். அப்போது ஆனி மாதம்.

முதல் நாள், அரண்மனைப் பிரதானி எழுதிய பாடத்திட்டம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு ஓலை, ஓலைக்கு ஒரு பாடம். எழுத்துத் தெரிவதற்காக விளக்குக்கரியை நன்றாகத் தேய்த்திருந்தார்கள். உலகுடையார் முதல் ஓலையை எடுத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, கால் நாழிகையில் படித்து முடித்தார்.

"ஓலையைப் படித்தவுடன் விழுங்கிவிட வேண்டும். படித்ததை வெளியே விடக் கூடாது."

நால்வரும் ஓலைக்கட்டைப் பார்த்தார்கள்.

"எந்த ஓலையை ஐயா?" என்றான் தவசி.

"எந்த ஓலை என்று போடவில்லை. போடாததால் எல்லா ஓலையும்தான்."

"நீங்கதானே படிச்சீங்க. நீங்கதானே விழுங்கணும்?"

உலகுடையார் வாயைத் திறந்து ஆறு பல்லையும் காட்டினார். நால்வரும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

ஆளுக்கு மூன்று ஓலை என்று பிரித்துக்கொண்டார்கள். வாத்தியார் ஓர் ஓலையை ஒருமுறை படிப்பார். யாராவது ஒருவன் அதைத் தின்பான். முதல் ஐந்தைப் பச்சையாகவே தின்றார்கள். அதற்குள் தாடை விட்டுப்போயிற்று. ஆறாவது ஓலையைப் புளிவிட்டு வேகவைக்கலாமா என்று விவாதம் வந்தது.

"வெந்தா எழுத்து கரைஞ்சிடும்" என்றான் சடையாண்டி.

"கரைஞ்சா குழம்புலே இருக்கும். குழம்பையும் குடிச்சிட்டாப் போச்சு" என்றான் வெயிலுமுத்து.

அது நியாயமாகப் பட்டது. மீதி ஏழு பாடமும் குழம்பாயிற்று. மூன்று நாளில் பாடத்திட்டம் தீர்ந்தது. நால்வருக்கும் பல் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

யார் எந்தப் பாடத்தைத் தின்றார்கள் என்பது மறக்கக் கூடாது என்று உலகுடையார் அதை ஒரு தனி ஓலையில் எழுதினார். எழுதி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தார். அங்கேதான் தவறிவிட்டது. பதின்மூன்றாவது ஓலை தவசிக்குப் போயிற்று.

இப்படியாக ஐந்து பாடம் நினைவில் நின்றது. ஏழு பாடம் வயிற்றில் நின்றது. நினைவில் நின்றவை இவை: ஓலையைப் படித்ததும் விழுங்கு. பகலில் பக்கம் பார்த்துப் பேசு. உன் உத்தியோகத்தை யாரிடமும் சொல்லாதே. ஒருவனைத் தொடர்ந்தால் பத்தடி தள்ளி நில், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒற்றன் எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"மற்ற ஏழும்?" என்று கோலப்பன் கலங்கினான்.

"எங்கே போய்விட்டது? உள்ளேதானே இருக்கிறது" என்றார் உலகுடையார். "வேண்டிய நேரத்தில் மேலே வரும்."

ஆடி பிறந்தது. கோலப்பனை மாமன் அரண்மனை மதிலோரம் பிடித்துக்கொண்டான். மாமன் கையில் ஒரு எருமை.

"ஏண்டா கோலப்பா, உத்தியோகம் ஆச்சா?"

கோலப்பன் பக்கம் பார்த்தான். பக்கத்தில் எருமை நின்றது. "என்ன உத்தியோகம் மாமா?" என்று எருமையிடம் கேட்டான்.

"நான் இங்கே நிக்கிறேன்டா! அரண்மனையிலே உன்னைச் சேர்த்திருக்காங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. உண்டா இல்லையா?"

"அரண்மனையா? அப்படி ஒண்ணு இந்த ஊர்லே இருக்கா மாமா?"

அரண்மனை மதிலின் நிழல் அப்போது மூவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. மாமன் மதிலைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான், கடைசியில் எருமையைப் பார்த்தான்.

"இன்னும் இருபத்தொன்பது நாள். அரண்மனை வாயாலே உன் பேரைச் சொல்லிக் கேட்டாத்தான் நம்புவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோலப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஓலை தின்று பழகிய தொண்டைக்கே இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி இருபதில் பாளையக்காரர் கொட்டகைக்கு வந்தார். "மாவடிப்பட்டிலிருந்து ஒரு ரகசியம் கொண்டுவாருங்கள். கொண்டுவந்தால் தேர்ச்சி. இல்லையென்றால் கழுதைகளைத் திரும்பக் கட்டிவிடுவேன். ஐந்தும் மழையில் நிற்கின்றன."

நால்வரும் மறுநாள் காலையில் புறப்பட்டார்கள். பத்தடி என்பது பிசகக் கூடாதென்று, வெயிலுமுத்து சரியாகப் பத்தடி நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டான்.

மாவடிப்பட்டுக் கோட்டை வாசலில் ஒரு சங்கடம். எதிரி கோட்டைக்குள் எப்படி நுழைவது? அதற்கு ஒரு பாடம் நிச்சயம் இருந்தது. யார் தின்றது?

"என்னோட ரெண்டாவது ஓலை ரொம்பக் கசந்துச்சு" என்றான் சடையாண்டி.

"கோட்டைன்னாலே கசப்புத்தான். அது உன் வயித்துலேதான் இருக்கு. நீ முன்னாலே போ" என்றான் வெயிலுமுத்து.

சடையாண்டி வயிற்றைத் தடவிக்கொண்டு முன்னால் போனான். அன்று சந்தை நாள். வாசல் அகலத் திறந்திருந்தது. ஆடு மாடெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

"பாடம் வேலை செய்யுது" என்று மற்ற மூவரும் மெல்லிய குரலில் வியந்தார்கள்.

உள்ளே கிணற்றடியில் நீலத் தலைப்பாகை கட்டிய ஒருவன் சும்மா நின்றுகொண்டிருந்தான். சும்மா நிற்கிறவனிடம்தான் ரகசியம் இருக்கும் என்று கோலப்பன் சொன்னான். நால்வரும் அவனைத் தொடர முடிவு செய்தார்கள். ஒருவர் பின் ஒருவராக நின்றால் கடைசி ஆளுக்குத் தூரம் கூடிவிடும் என்பதால், தோளோடு தோள் உரச வரிசையாக நின்றார்கள். வெயிலுமுத்து மூங்கிலை நீட்டி அளந்தான். மூங்கில் முனை தலைப்பாகைக்காரன் நெஞ்சில் முட்டியது.

"சரியா இருக்கு" என்றான் வெயிலுமுத்து.

தலைப்பாகைக்காரன் மூங்கிலை ஒருமுறை பார்த்தான். பிறகு அந்த முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் அது சௌகரியமாக இருந்தது போலிருக்கிறது.

உச்சிப்பொழுதுவரை ஐவரும் அப்படியே நின்றார்கள். பிறகு தலைப்பாகைக்காரன் இவர்களை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். பத்தடி குறையக் கூடாதே! நால்வரும் ஓரடி பின்னால் வைத்தார்கள். அவன் இன்னோர் அடி வைத்தான். இவர்களும் வைத்தார்கள். நால்வரும் முதுகுப்பக்கமாகவே சந்தையைக் கடந்தார்கள். மண்பாண்டக் கடை ஒன்று வழியில் இருந்தது. பதினேழு சட்டி. வாசலைக் கடந்து, கம்பங்கொல்லையைக் கடந்து, இடுப்பளவு ஓடைத் தண்ணீரிலும் முதுகுப்பக்கமாகவே இறங்கி ஏறினார்கள்.

"தவசி, பின்னாலே என்ன தெரியுது?"

"திரும்பிப் பார்த்தா ஆளை விட்டுடுவேன். நான் பார்க்க மாட்டேன்."

முதுகு ஒரு மதிலில் இடித்தபோதுதான் நின்றார்கள். அது ஈச்சங்குறிச்சி அரண்மனை.

பாளையக்காரர் வெளியே வந்தார். "யாரடா இது?"

"தெரியாது எசமானே. நாங்க இவனைத் தொடர்ந்து வந்தோம்" என்றான் கோலப்பன்.

பாளையக்காரர் தலைப்பாகைக்காரனைக் கேட்டார். "நீ யார்?"

அவன் முகத்தைத் திருப்பி, பக்கத்துத் தூணைப் பார்த்தான். "நான் யாருமில்லை."

"எதற்கு வந்தாய்?"

"இந்த நாலு பேரைத் தொடர்ந்து வந்தேன்" என்று தூணிடம் சொன்னான்.

"மாவடிப்பட்டா?"

"மாவடிப்பட்டா? அப்படி ஒரு ஊர் இருக்கா?" என்று சொல்லிச் சிரித்தான். பல் அத்தனையும் கன்னங்கரேலென்று இருந்தது.

கோலப்பன் துள்ளினான். "எசமானே! இவன் படிச்சவன்!"

விஷயம் எல்லோருக்கும் விளங்கிற்று. மாவடிப்பட்டிலும் ஒரு ஒற்றர் பள்ளி இருக்கிறது! இதைவிடப் பெரிய ரகசியம் என்ன வேண்டும்? பாளையக்காரர் நால்வருக்கும் தேர்ச்சி கொடுத்தார். தலைப்பாகைக்காரனுக்குச் சோறு போட்டு அனுப்பிவைத்தார். அவனும் ஒரு ரகசியத்தோடு போய் அன்றே தேர்ச்சி பெற்றான் என்று பிற்பாடு தெரிந்தது.

"என்ன வேண்டும், கேள்" என்றார் பாளையக்காரர் கோலப்பனிடம்.

"எனக்கு உத்தியோகம் ஆயிடுச்சுன்னு என் மாமாகிட்டே அரண்மனை வாயாலே சொல்லணும் எசமானே. நான் சொல்லக் கூடாது."

மாலையில் மேட்டின்மேல் தமுக்கு ஒலித்தது. "கோலப்பன், சடையாண்டி, வெயிலுமுத்து, தவசி ஆகிய நான்கு பேரும் இன்று முதல் அரண்மனையின் ரகசிய ஒற்றர்கள்! இது ஒருவருக்கும் தெரியக் கூடாதூ!" மூன்று முறை சொன்னார்கள். மாமன் கேட்டான். மாவடிப்பட்டிலும் கேட்டார்கள்.

எட்டாம் நாள், மாமனிடமிருந்து கொட்டகைக்கு முகூர்த்த ஓலை வந்தது. கோலப்பன் அதை வாத்தியாரிடம் கொடுத்தான். உலகுடையார் மனத்துக்குள்ளேயே படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு ஓலையைக் கோலப்பனிடம் நீட்டினார். பழக்கதோஷம், அவன் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டான்.

"முகூர்த்தம் எந்த நாள் ஐயா?"

"கோலப்பா, படித்ததை நான் வெளியே விட்டால் முதல் பாடம் என்னாகிறது?"

"மாமாவைக் கேட்கட்டுமா?"

"ஒற்றன் வாய்விட்டுக் கேட்கலாமா?"

கேட்கக் கூடாது. ஆகவே கோலப்பன் அன்று முதல் தினமும் காலையில் மாமன் வீட்டுப் பின்சுவரில் காதை வைத்து நின்றான். முதல் நாள் உளுந்து ஊறப்போட்ட பேச்சு கேட்டது. பத்தாம் நாள் வாழைமரம் வந்த பேச்சு கேட்டது. நாள் மட்டும் கேட்கவில்லை. பதினோராம் நாள் மேளச் சத்தம். அதற்கு மேலே மாமன் குரல்: "முகூர்த்தம் நெருங்கிடுச்சு! மாப்பிள்ளையைக் காணோமே!"

கோலப்பன் கொட்டகைக்கு ஓடினான். உலகுடையார் புதுவேட்டி கட்டி எங்கேயோ புறப்பட்டுக்கொண்டிருந்தார். எங்கே என்று அவர் சொல்லவில்லை.

"ஐயா, மோசம் போனேன்! இன்னிக்குத்தான் என் கல்யாணம். மாப்பிள்ளையைக் காணோமாம்! அவன் அகப்படாட்டா எனக்குக் கல்யாணமே நடக்காது!"

"பதறாதே. ஆளைத் தெரியுமா?"

"முகம் நல்லாத் தெரியும் ஐயா. முதுகைத்தான் பார்த்ததில்லை."

"தொடர்ந்து போகிறவனுக்கு முகம் எதற்கு? முதுகுதான் வேண்டும்" என்று தவசி கவலைப்பட்டான். இருந்தாலும் நால்வரும் மூங்கிலை எடுத்துக்கொண்டு ஏழு தெருவும் மூன்று கிணறும் தேடினார்கள். கடைசியில் மாமன் வீட்டுப் பந்தலுக்கு வந்தார்கள். பந்தலில் மாமன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

கோலப்பன் வாழைமரத்தைப் பார்த்தபடி சொன்னான்: "கலங்காதீங்க மாமா. நாலு பேர் தேடுறோம். ஒரு தெரு விடலை."

மாமனும் அந்த ஊர்க்காரன்தான். கண் கலங்கிவிட்டது. "வேளைக்கு வராத பய எனக்கு மாப்பிள்ளையா? இவ்வளவு பொறுப்பா தேடுறியே, நீ உட்காருடா மணையிலே! பூவாயி உனக்குத்தான்!"

கோலப்பன் உட்கார்ந்தான். மற்ற மூவரும் பந்தல் வாசலில் மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு காவல் நின்றார்கள்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பூவாயி தலைகுனிந்தபடி மெல்லக் கேட்டாள்: "அங்கே யாரை அப்படிப் பார்க்கிறீங்க?"

"உஷ்! சீக்கிரம் மூணு முடிச்சும் போட்டுடுறேன்" என்றான் கோலப்பன். "அவன் வந்துடப் போறான்."