பின் சீட்டுக்கு என்ன வேண்டும்

சிறுமலை அடிவாரத்தில் ஓர் எலுமிச்சைத் தோப்பு. அதன் நடுவில் ஓட்டுக் கூரை போட்ட நீளமான அறை. சனிக்கிழமை காலைகளில் திலகவதி அங்கே உட்கார்ந்திருப்பார். மதுரையில் பன்னிரண்டு வருடம் வங்கியில் வேலை பார்த்தவர், ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மாமாவின் தோப்புக்கு வந்துவிட்டார். வயது நாற்பத்திரண்டு. காவி கட்டுவதில்லை. வருகிறவர்களோடு ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவார். பிறகு யாராவது கேட்டால் பதில் சொல்வார். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்.

மாசிலாமணி மூன்று வருடமாக அங்கே வந்துகொண்டிருந்தார். நத்தத்தில் நில அளவையர். ஐம்பத்தேழு வயது. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டார். இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அன்றைக்குக் கேட்டார்.

"அம்மா, புது பைக் எடுக்கப் போறேன். ஷோரூம்ல ஒரு பட்டியல் குடுத்திருக்காங்க. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ். இதுல எது தேவை, எது வீண்னு எனக்குப் புரியல."

அன்று வந்திருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். திலகவதி சிரிக்கவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கினார்.

பதினாறு சாமான்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக விலை. மாசிலாமணி பென்சிலால் குறித்து வைத்திருந்தார். லெக் கார்டு, ஃபாக் லேம்ப், போன் சார்ஜர், டேங்க் கவர், பாலிஷ் கோட்டிங் என்று பதினொன்றைக் கோடு போட்டு அடித்திருந்தார். பேக் ரெஸ்ட், பக்கவாட்டுக் கைப்பிடி, அகலமான கால்மிதி, சேலை கார்டு, பின் சீட்டுக்குத் தடித்த ஸ்பாஞ்ச். இந்த ஐந்துக்கும் நேராக மட்டும் டிக்.

"அஞ்சும் பின்னால உக்கார்றவங்களுக்கு" என்றார் திலகவதி.

"ஆமாம்மா."

"யாரு உக்காருவாங்க?"

மாசிலாமணி பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். மற்ற இருவரும் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகு அவர் சொல்லத் தொடங்கினார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதல் பைக் எடுத்தார். அதுவரை அலுவலக ஜீப், இல்லாவிட்டால் சைக்கிள். மனைவி பூங்கோதையும் கடைக்கு வந்திருந்தாள். அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. பட்டியலைப் படித்துக் காட்டிய விற்பனைப் பெண்ணிடம், பேக் ரெஸ்ட் என்ன விலை என்று அவளே கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். மாசிலாமணி, "அதை மாட்டினா வண்டி கிழவன் வண்டி மாதிரி ஆயிடும்" என்றார். ஃபாக் லேம்ப் போடச் சொன்னார். டேங்க்கின் இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை ஒட்டச் சொன்னார். பூங்கோதை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"ஒரு வருஷம் வந்தா. அழகர்கோயில், சிங்கம்புணரி, எல்லா எடத்துக்கும் வந்தா. இறங்கினா அஞ்சு நிமிஷம் வண்டியப் பிடிச்சுக்கிட்டே நிப்பா. அப்புறம், நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சா. நானும் போயிட்டு வந்தேன். கூட்டாளிங்களோட கொடைக்கானல் போனேன், மேகமலை போனேன். அவ வீட்ல இருந்தா."

"சண்டை போட்டாங்களா?"

"ஒரு சண்டையும் இல்லம்மா. சண்டை போட்டிருந்தா என்ன தப்புன்னு எனக்கு ஒரு கணக்கு கிடைச்சிருக்கும். மூணு வருஷம் முன்னால காரைக்குடியில அவ அக்காவுக்கு உடம்பு முடியலன்னு போனா. பத்து நாள்னு சொன்னா. பத்து நாள் ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் நானும் எப்ப வரப்போறன்னு கேக்கறத விட்டுட்டேன். தீபாவளிக்கு மகன் ஓசூர்லேர்ந்து வந்தா மூணு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவன் கிளம்பினதும் அவளும் கிளம்பிடுவா."

"இப்ப?"

"இந்த வண்டிய எடுத்துட்டுப் போயி அவளக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. வண்டியப் பாத்தாலே அவளுக்குப் புரியும்."

திலகவதி தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பென்சிலையும் சேர்த்து அவரிடம் நீட்டினார்.

"அவங்களுக்கு என்னென்ன வேணும்னு இதுல எழுதுங்க."

"வண்டியிலயா?"

"எதுல வேணும்னாலும்."

சொல்லிவிட்டு அவர் தோப்புக்குள் போய்விட்டார்.

மாசிலாமணி தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரில் யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும். எந்தக் கல்லை யார் எந்த வருடம் நகர்த்தினார்கள் என்பதுகூடத் தெரியும். பூங்கோதைக்கு என்ன வேண்டும்? பேக் ரெஸ்ட் என்று எழுதினார். அடுத்த வரியில் பென்சிலை வைத்தார். அவளுக்குப் பிடித்த நிறம் பச்சை என்று ஒரு நினைப்பு. அது அவளுக்குப் பிடித்ததா, கல்யாணத்தின்போது அவருடைய அம்மா எடுத்துக் கொடுத்த புடவையின் நிறமா என்று சந்தேகம் வந்தது. எழுதவில்லை. வெயில் வாசல்படி ஏறி அறைக்குள் வந்தது.

திலகவதி கைகால் கழுவிக்கொண்டு வந்து தாளைப் பார்த்தார். ஒரே ஒரு வரி.

"இது எப்பக் கேட்டது?"

"அன்னிக்குக் கடையில."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவ ஒண்ணும் கேக்கலம்மா."

திலகவதி தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப எதையெல்லாம் வாங்கட்டும்?" என்றார் மாசிலாமணி.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வண்டியில உக்காரப் போறதில்லையே."

அதன் பிறகு ஐந்து சனிக்கிழமை மாசிலாமணி வரவில்லை. ஆறாவது சனிக்கிழமை வந்தார். புது பைக்கைத் தோப்பின் வேலியோரம் நிறுத்தினார். ஐந்து சாமான்களும் அதில் மாட்டியிருந்தன. பின் சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஒரு மணி நேர மௌனம் முடிந்து மற்றவர்கள் போகும்வரை இருந்தார்.

"போனீங்களா?" என்று கேட்டார் திலகவதி.

"போனேன்."

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி, எட்டரை மணிக்கெல்லாம் காரைக்குடி போய்விட்டார். பூங்கோதை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். "என்ன, சொல்லாமக் கொள்ளாம?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். பேக் ரெஸ்டைத் தொட்டாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"நீதானே கேட்ட. அன்னிக்கு ஷோரூம்ல."

பூங்கோதை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நெற்றியைச் சுருக்கி.

"நான் கேட்டேனா? ஞாபகம் இல்லையே" என்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "நான் கேட்டதெல்லாம் கொஞ்சம் மெதுவா போங்கன்னுதான். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். வாங்க, சாப்பிடுங்க."

உள்ளே அவள் அக்கா செங்கமலம் இட்லி வைத்தாள். கூடத்தில் ஆரி பூவேலைக்கான மரச்சட்டம் போட்டிருந்தது. அதில் ஒரு ரவிக்கைத் துணி, பாதி மயில். பூங்கோதை போடுகிறாளாம். ஊரில் ஆறு கடைகளுக்குக் கொடுக்கிறாளாம். இடுப்பில் இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டாளாம். அவருக்குத் தெரியாது. "மகன்கிட்டச் சொன்னேன்" என்றாள். "உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சாப்பிட்டு முடித்ததும், "கடைத்தெரு வரைக்கும் போகணும். தச்ச துணி குடுக்கணும். சும்மாதானே இருக்கீங்க, வாங்க" என்றாள்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் அவள் வீட்டின் பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். சாம்பல் நிறம். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. கற்றுக்கொண்டது ஐம்பத்தோராவது வயதில்.

"உக்காருங்க. பை மடியில இருக்கட்டும்."

அந்த ஸ்கூட்டரில் பளபளப்பான சாமான் எதுவும் இல்லை. பின்னால் மட்டும் ஒரு பேக் ரெஸ்ட். அவர் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அக்காவுக்காக. அவளுக்கு மயக்கம் வரும்" என்றாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். தெருமுனையில் ஒரு வேகத்தடை. அவள் வேகத்தைக் குறைத்து, "பிடிச்சுக்கோங்க" என்றாள். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினாள். அடுத்ததற்கும் அப்படியே. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ரோடு தோண்டிப் போட்டிருந்தது. அங்கே இன்னும் மெதுவாகப் போனாள். "சரியா உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

"எத்தனை வேகத்தடை அம்மா அந்த ஊர்ல" என்றார் மாசிலாமணி. "ஒவ்வொண்ணுக்கும் சொன்னா. பழக்கமாச் சொன்னா. யாரு உக்காந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லுவா போலருக்கு."

திலகவதி அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேக்கணும்னுதான் நினைச்சேன். கடைத்தெரு வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே வச்சிருந்தேன்."

"கேட்டீங்களா?"

"இந்த வண்டி என்ன மைலேஜ் குடுக்குதுன்னு கேட்டேன்."



"என்ன சொன்னாங்க?"

"நாப்பத்தஞ்சுன்னு சொன்னா. கொஞ்ச தூரம் போனதும், வேற ஏதாவது கேக்கணுமான்னா."

"நீங்க?"

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டேன்." மாசிலாமணி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "மத்தியானம் கிளம்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்தா. புது வண்டி, பாத்துப் போங்கன்னா. அவ்வளவுதான். எண்பது கிலோமீட்டர், காலி சீட்ட வச்சுக்கிட்டு ஓட்டிட்டு வந்தேன். வழியில ஒரு எடத்துல நிறுத்தி, அந்த அஞ்சையும் கழட்டிப் போட்டுடலாமான்னு நினைச்சேன். கழட்டறதுக்கு ஸ்பேனர் இல்ல."

திலகவதி எழுந்து மண்பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்மா?"

"அடுத்த வாரம் காரைக்குடிக்குப் பஸ்ல போங்க."

"பஸ்லயா? வண்டி இருக்கும்போது?"

"ஆமா. பஸ் ஸ்டாண்டுல இறங்கி அவங்களுக்குப் போன் பண்ணுங்க. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேளுங்க."

மாசிலாமணி செம்பைத் தரையில் வைத்தார்.

"அவ வரலேன்னா?"

"நடந்து போங்க" என்றார் திலகவதி.