நோயில்லாத காலனி

மலையடி மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தாறு, சீடருக்கு அறுபத்திரண்டு. சீடர் மாவட்டச் சுகாதாரத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர், ஞானசுந்தரம். அவர் குருவைச் சாமி என்பார். குரு அவரை டாக்டரே என்பார்.

தியானம் கற்க வந்த மனிதரை, வந்த மறுவாரமே மடத்தின் மருத்துவ வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிவிட்டார் குரு. டாக்டருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனாலும் வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை.

வியாழக்கிழமைகளில் வண்டி இளமங்கலத்துக்குப் போகும். அம்மன் கோயில் மண்டபத்தில் மேசை போடுவார்கள். நல்ல நிழல், பக்கத்திலேயே குழாய். பண்ணையார் வந்தாலும் கூலிக்காரர் வந்தாலும் அதே மாத்திரைதான். ஆள் பார்த்து வைத்தியம் செய்ததாக யாரும் தன்னைச் சொல்ல முடியாது என்று டாக்டருக்குப் பெருமை. அந்தப் பெருமையை அடிக்கடி வெளியிலும் சொல்வார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் டாக்டர் இளமங்கலத்துக்குப் பெரிய வரைபடம் ஒன்று போட்டார். நோயாளி வந்த வீடுகளுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் மட்டும் ஒரு பொட்டுகூட விழவில்லை. நூற்றிருபது வீடுகள். படத்தைச் சுருட்டிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"சாமி, ஒரு ஊரே நோயில்லாம இருக்குன்னா அதுல ஏதோ ரகசியம் இருக்கணும். தண்ணியா, சாப்பாடா, மனசா? நீங்கதான் சொல்லணும்."

குரு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். படத்தை எட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது. அவங்களையே கேட்டுட்டு வாங்க. நடந்து போங்க. மருந்துப் பெட்டி வேண்டாம்."

"பெட்டி இல்லாமலா?"

"கத்துக்கத்தானே போறீங்க."

டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனார். முதல் வீட்டில் அஞ்சலை என்ற பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன் மாசிலாமணி சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக இருமலாம். செங்கல் சூளையில் கல் சுமக்கிறவன், பொங்கலுக்குப் பிறகு போகவில்லை. துணியில் துப்பியதைப் பார்த்ததும் டாக்டருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை.

அடுத்த வீட்டில் ஒருவர் ஆறாத கால் புண்ணைச் சேலைத் துணியால் சுற்றியிருந்தார். அதற்கடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எட்டு மாதக் கர்ப்பம், முகமும் காலும் வீங்கியிருந்தன. மதியத்துக்குள் நோட்டு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ரகசியத்தைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை.

திரும்பும்போது டாக்டர் அஞ்சலையிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நடந்தால் கால் மணி நேரம், காசும் கிடையாது, எட்டு மாதமாகப் புருஷனை இப்படிப் போட்டு வைத்திருக்கலாமா என்றார்.

"மண்டபத்துல நாங்க ஏறுறதில்லீங்க."

"ஏறக் கூடாதுன்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லலீங்க. சொல்றவங்க எங்க தாத்தா காலத்துலயே சொல்லிட்டாங்க."

பிறகு அவளே தொடர்ந்தாள். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை புருஷனைக் கூட்டி வந்தாளாம். இருவரும் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றார்களாம். டாக்டர் ஒரு தடவை நிமிர்ந்தும் பார்த்தாராம், அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். வண்டி போனதும் இவர்களும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் டாக்டருக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

மறுநாளே அவர் மாசிலாமணியையும் அந்தக் கர்ப்பிணியையும் வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வான், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இனிமேல் கல் சுமக்க மட்டும் முடியாது. ஐப்பசியிலேயே வந்திருந்தால் அதுவும் முடிந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்.

ஞானசுந்தரம் மடத்துக்கு வந்து குருவின் எதிரில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த யோசனையையும் சொன்னார். வியாழக்கிழமை மண்டபம் எப்போதும்போல இருக்கட்டும், புதன்கிழமை காலனிக்கென்று தனியாக ஒரு மேசை போட்டுவிடலாம், யாருக்கும் மனக்கசப்பு வராது.

"எதுக்கு ரெண்டு மேசை?" என்றார் குரு.

"வேற என்ன செய்றது சாமி?"

"இருக்கிற மேசையைத் தூக்கி ஏரிக்கு அந்தப் பக்கம் போடுங்க. எல்லாரும் அங்க வரட்டும்."

டாக்டர் பதறிப்போனார். இளமங்கலத்து ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரியும். மண்டபத்தில் அவருக்கு வாராவாரம் மோர் கொண்டுவந்து கொடுப்பவர்கள் அவர்கள்.

"அவங்க அங்க வரமாட்டாங்க சாமி. ஊருக்குள்ள சர்க்கரைக்காரங்களே நாப்பது பேர் இருக்காங்க. மாசமா இருக்கிற பொண்ணுங்க ஆறு பேர். அவங்க வராமலே இருந்துட்டா, அவங்க கதி என்ன ஆகும்?"



"மேசை மண்டபத்துல இருந்த ரெண்டு வருஷமும் இந்தக் கேள்வி உங்களுக்கு வரவே இல்லையே, டாக்டரே."